குள்ளக் கடல்குதிரைக்கு 10 லிட்டர் நானோ டேங்க்: தொட்டி ஓகே, கூட வரும் சாமான்கள் வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குள்ளக் கடல்குதிரையை 10 லிட்டர் தண்ணீரில் நன்றாகவே வளர்க்கலாம். ஆனால் 'ஆல் இன் ஒன்' நானோ மரைன் செட் என்று விற்கிறார்களே, கண்ணாடித் தொட்டி, பின்பக்கம் தடுப்பு வைத்த ஃபில்டர் அறை, அதற்குள் ஒரு குட்டி பம்ப், மேலே மாட்டிக்கொள்ளும் எல்இடி விளக்கு, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஓடவிட்டால் இந்த மீன் பட்டினி கிடக்கும். நான் வைத்திருப்பதும் இப்படி ஒரு செட்தான். இப்போது அதில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணாடி மட்டும், மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டது.

கடல்நீர் டேங்க் என்றாலே 'முடிந்தவரை பெரிசா வாங்கு' என்பார்கள். தண்ணீர் அதிகமிருந்தால் சின்னச் சின்னத் தப்புகளைத் தாங்கும் என்பதால் பொதுவாக அது நல்ல யோசனைதான். இந்த ஒரு மீனுக்கு அது பொருந்தாது. ஹிப்போகாம்பஸ் சோஸ்டெரே என்பது இதன் அறிவியல் பெயர். மெக்சிகோ வளைகுடா, ஃபுளோரிடா, பஹாமாஸ் பக்கம் ஆழமில்லாத கடல்புல் படுகைகளில் வாழ்கிறது, வளர்ந்த பிறகும் 2 முதல் 2.5 செ.மீ. தான். மீன்களிலேயே மிக மெதுவாக நீந்துவது என்று கின்னஸில் இடம்பிடித்தது இதுதான். இரையைத் துரத்தாது. வாலால் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், ஏதாவது மூக்கருகே வந்தால் ஒரே உறிஞ்சு. பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது, அதனால் தின்றது சீக்கிரமே வெளியே போய்விடும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒன்றை 100 லிட்டரில் விட்டுப் பாருங்கள், நீங்கள் இரையாகப் போடும் ஆர்ட்டீமியா (இறால் மாதிரியான குட்டி உப்புநீர்ப் பிராணி) குஞ்சுகள் தொட்டி முழுக்கச் சிதறிப்போய் இதன் மூக்கருகே வருவது எப்போதோ ஒன்று என்றாகிவிடும். 10 லிட்டரில் அதே அளவு போட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரை. சின்ன மீன் என்பதற்காகச் சின்னத் தொட்டி இல்லை, இரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு செட்டைப் பாருங்கள். பின் அறைக்குத் தண்ணீர் போகும் சீப்பு மாதிரி இடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆர்ட்டீமியா குஞ்சு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பம்ப் ஓட ஆரம்பித்ததும் ஆரஞ்சு நிறப் புகை போல அப்படியே இடுக்கை நோக்கி நகர்ந்து உள்ளே போய்விடும், சற்று நேரத்தில் தொட்டி காலி, பின் அறை ஸ்பாஞ்சில் எல்லாம் செத்து அழுக ஆரம்பிக்கும். ஆக மீனுக்கு இரையும் இல்லை, தண்ணீரும் கெட்டது. தீனி நேரத்தில் பம்பை நிறுத்திக்கொள்ளலாம் என்பார்கள் சிலர், ஆனால் இதற்குத் தீனி நேரம் என்று தனியாக ஒன்று கிடையாதே. பம்பைக் கழற்றிவிட்டு, இடுக்குகளை அடைத்துவிட்டு, ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள், குமிழி மெதுவாக, எண்ணுகிற வேகத்தில் வந்தால் போதும்.

விளக்கும் அப்படித்தான். பவளத்துக்கான வெளிச்சம் அது. ஆர்ட்டீமியா குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நீந்தும் பிராணி, எனவே விளக்குக்கு நேர் கீழே மேல்மட்டத்தில் மொத்தமாகக் குவிந்துவிடும், கடல்குதிரைகளோ கீழே பாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பகலில் அறை வெளிச்சமே போதும். தொட்டிக்குள் பாசி வளர்க்க ஆசைப்பட்டால் மங்கலான விளக்கு ஒன்று தனியாக வைக்கலாம்.

அப்புறம் ஹைட்ராய்டு, ஜெல்லி மீனுக்கு உறவான, கொட்டும் குட்டிப் பிராணி. இதைப் பற்றி செட்டோடு வரும் கையேட்டில் ஒரு வரி கிடையாது, கடையிலும் யாரும் சொல்லவில்லை, எனக்கு வருகிற கோபம் அதில்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் வெள்ளை நூல் போல, நுனியில் பூ விரிந்தது மாதிரி தெரியும், சில சமயம் துடித்துத் துடித்து நகரும் குண்டூசித்தலை அளவு ஜெல்லி மீன்களாகவும் தெரியும். லைவ் ராக் (கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்த கல்), பாசி, எதனோடு வேண்டுமானாலும் வந்துவிடும். ஆர்ட்டீமியா போடப் போட அதுவும் தின்று பெருகும். பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது, 2 செ.மீ. மீனையும் அதைவிடச் சிறிய அதன் குட்டிகளையும் கொட்டிக் கொன்றுவிடும். வந்த பிறகு சுரண்டித் தீர்க்க முடியாது, ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் திரும்ப முளைக்கும். ஆடுமாடு, நாய்களுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல்தான் இதற்கு வழக்கமான மருந்து, மீனை விடுவதற்கு முன்பே காலித் தொட்டியில் போட்டு முடித்துவிடுவது நல்லது. அந்த மருந்து கல்லில் ஊறி நெடுநாள் நிற்கும், பின்னால் விடும் நத்தைகளில் பல பிழைக்காது. அதனாலேயே செட்டோடு தரும் கல்லை நான் உள்ளே வைக்கவே இல்லை. பிளாஸ்டிக் செடி, கழுவிய கீட்டோமார்ஃபா பாசி, அவ்வளவுதான். வாலைச் சுற்றிக்கொள்ள இடம் இருந்தால் கல்லை அது தேடாது.

தண்ணீர் விஷயத்தில் சின்னத் தொட்டி தயவு காட்டாது. 25 செ.மீ. தண்ணீரில் 1 செ.மீ. ஆவியாகிவிட்டால் உப்பு அங்கேயே தங்கிவிடும், ஆயிரத்துக்கு 33 பங்கு இருந்தது 34-ஐத் தாண்டிவிடும். தினமும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்யுங்கள், உப்புத் தண்ணீர் விட்டு நிரப்பினால் உப்பு இன்னும் ஏறும். மூடி போட்டால் ஆவியாவது குறையும். தின்னாமல் விட்ட ஆர்ட்டீமியா செத்தால் அம்மோனியா ஏறும், அதை நீர்த்துப்போகச் செய்யும் அளவுக்கு இங்கே தண்ணீரே கிடையாது, எனவே மீனை விடும் முன் டேங்க் முழுசாக சைக்கிள் ஆகி (அதாவது கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர்ந்து முடிந்து), அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகும் அடியில் படிந்ததை ஏர் குழாயால் அடிக்கடி உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே உப்பு, அதே சூட்டில் புதுத் தண்ணீர் விட வேண்டும். நல்ல விஷயம், 10 லிட்டரில் இதெல்லாம் ஒரு குவளை வேலை. சூடு 22 முதல் 25 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும்.

உண்மையான வேலை தொட்டிக்கு வெளியே இருக்கிறது, ஆர்ட்டீமியா பொரிப்பது. உறைந்த தீனியையோ காய்ந்த தீனியையோ இந்த இனம் பெரும்பாலும் சட்டை செய்யாது, உயிரோடு அசைந்தால்தான் தின்னும். முட்டை பொரிய 27 டிகிரி வாக்கில் ஏறக்குறைய 24 மணி நேரம். பொரிந்ததும் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை நேரம் ஆக ஆகக் குஞ்சே செலவழித்துவிடும், சத்து இறங்கிக்கொண்டே போகும். அது ஒரு முறை தோல் உரித்த பிறகுதான் வாய் திறக்கும், அப்போது பாசித்தூளோ செறிவூட்டும் தீனியோ கொடுத்து அதன் வயிற்றை நிரப்பிப் பிறகு மீனுக்குப் போட வேண்டும். ஆக, ஒன்று பொரிந்துகொண்டிருக்க இன்னொன்று அந்தத் தீனியில் ஊறிக்கொண்டிருக்க என்று இரண்டு பாட்டிலாவது எப்போதும் ஓட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை தீனி. முட்டை ஓடு கலக்காமல் வடிகட்டுங்கள், அதை மீன் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிற வழக்கம் உள்ளவர், இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், தயவுசெய்து வாங்க வேண்டாம். இரண்டு நாள் வெறும் வயிறு என்பது இதற்குப் பெரிய விஷயம்.

வேறு மீன், நண்டு, பவளம், அனிமோன் எதுவும் கூடச் சேர்க்காதீர்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்த குட்டிகளாகக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கடல்குதிரை இனங்களும் 2004 முதல், உலக அளவில் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, காகிதம் காட்டாத கடையில் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவருக்கு என் சிபாரிசு 20 லிட்டர் சாதாரணக் கண்ணாடித் தொட்டி, மூன்று நான்கு ஜோடிக்குத் தாராளம், இரையும் நெருக்கமாகவே இருக்கும். 8 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள், அழகாக இருக்கும், ஆனால் ஒரு வேளை தீனி கூடினாலே தண்ணீர் கெட்டுவிடும். கையில் ஏற்கெனவே 10 லிட்டர் செட் இருந்தால் மேலே சொன்னபடி பிரித்து ஒரு ஜோடியில் ஆரம்பிக்கலாம். ஆண் பையில் சுமப்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான், பிறக்கும் குட்டி அப்பா அம்மா தின்னும் அதே ஆர்ட்டீமியாவை முதல் நாளே தின்னும், அதனால் எண்ணிக்கை ஏறுவது சீக்கிரம் நடந்துவிடும். அதே அளவில் இரண்டாவது தொட்டி ஒன்றை முன்கூட்டியே சைக்கிள் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.