பயிற்சி மாணவர் கையேடு: கூகுள் டாக்ஸிலா, கேஸ் ஃபோல்டருக்குள்ளேயா?

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஆய்வகத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி மாணவர்கள் வருவார்கள், ஜூலையில் கிளம்பிவிடுவார்கள். திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருளில், குழாய்க்குள் ஓடும் தண்ணீரைக் கணக்கிடும் வேலை. போன வருடம் வரை அவர்களுக்குக் கொடுத்தது ஒரு கூகுள் டாக். இந்த வருடம் எல்லாவற்றையும் கிட் ரெப்போவுக்குள் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் களஞ்சியம்), ஒரு கணக்குக்கான கோப்புகள் இருக்கும் கேஸ் ஃபோல்டரிலேயே ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பாக எழுதி வைத்தேன். இரண்டையும் உட்கார்ந்து எழுதியதால் சொல்கிறேன், என் சாய்வு ரீட்மீ பக்கம்தான்.

டாக்ஸில் வசதி அதிகம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், படம் ஒட்டலாம், பேராசிரியர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். ஆனால் மேற்கோள் குறிகளை அது வளைத்துவிடும். கோப்புக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையை அங்கிருந்து நகலெடுத்து டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) ஒட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். புதிதாக வந்த பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். வீடியோ எடுத்து வைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். வீடியோவுக்குள் ஒரு வரியை எப்படித் திருத்துவது?

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஓப்பன்ஃபோமில், இணையதள முகவரியின் வாலை வைத்து அழைக்கும் இரண்டு கிளைகள் உண்டு. டாட் காம் கிளையில் பதிப்பின் பெயரே வருடமும் மாதமும்தான்: வி2312 என்றால் 2023 டிசம்பர். டாட் ஆர்க் கிளையில் 10, 11 என்று எண் போடுவார்கள். எங்கள் டாக் எழுதிய காலத்தில் கேஸுக்குள் இருக்கும் கான்ஸ்டன்ட் ஃபோல்டரில், கொந்தளிப்பு மாதிரியைச் சொல்லும் ‘டர்புலன்ஸ்ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற கோப்பு இருந்தது. டாட் ஆர்க் கிளை 8ஆம் பதிப்பில் அதை ‘மொமென்டம்டிரான்ஸ்போர்ட்’ என்று மாற்றிவிட்டது. நாங்கள் மென்பொருளை மாற்றினோம், கேஸை மாற்றினோம், டாக்கை மறந்தோம். ஒரு மாணவி இல்லாத கோப்பைத் தேடியே அரை நாள் போக்கினார். கேட்கக் கூச்சம், பாவம்.

டாக் பழசானால் சத்தமே போடாது. ரீட்மீயில் நான் கட்டளைகளைத் திரும்ப எழுதுவதே இல்லை. ‘ஆல்ரன் ஸ்கிரிப்டை ஓட்டு’ என்று ஒரே வரி. மெஷ் (கணக்குக்கான வலைக்கட்டம்) போடுவது, சரிபார்ப்பது, கணினியின் நான்கு கோருக்குப் பிரிப்பது எல்லாம் ஸ்கிரிப்ட் என்ற அந்தக் கட்டளைக் கோப்புக்குள். அது பழசானால் ஓடாது, அன்றைக்கே தெரிந்துவிடும். கோப்பின் பெயரை மாற்றுகிறவர் அதே கமிட்டில் (கிட்டில் ஒரு முறை பதியும் மாற்றத் தொகுப்பு) ரீட்மீ வரியையும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. மாற்றாவிட்டால் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும்.

அப்புறம், எச்சரிக்கையைக் கை போகிற இடத்திலேயே வைக்கலாம். அமுக்க இயலாத ஓட்டத்துக்கான கணக்கில் ‘பி’ என்பது அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தது. அந்தக் கோப்பில் அலகு [0 2 -2 0 0 0 0], அதாவது மீ²/வி², என்றுதான் இருக்கும், பாஸ்கல் இல்லை. அதைப் பாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால், தண்ணீருக்கு விடை ஏறத்தாழ 1000 மடங்கு பிசகும். டாக்கில் இதை 19ஆம் பக்கத்தில் எழுதியிருந்தேன், யாரும் அதுவரை படிக்கவில்லை. இப்போது அந்த அலகு வரிக்கு மேலேயே கமென்டாக இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கிட் தொட்டே பார்க்காத மெக்கானிக்கல் மாணவருக்கு முதல் வாரம் அதிலேயே போய்விடுகிறது. படங்களைச் சேர்க்கச் சேர்க்க ரெப்போ வீங்குகிறது. எனக்கு இதில் ஒரே ஒரு மாணவர் பேட்ச் அனுபவம்தான், அதுவும் டெர்மினலில் ஓடும் மென்பொருளில். பட்டனை அழுத்தி அழுத்திச் செய்யும் மென்பொருள் என்றால் படம் போட்ட டாக்கே மேலாக இருக்கலாம்.

பழைய டாக்கை அழிக்கவில்லை. கிளஸ்டரில் (பல கணினிகளைச் சேர்த்த தொகுதி) பயனர் கணக்குக்கு விண்ணப்பிக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவைத்து, மேலே ரெப்போ இணைப்பைப் போட்டு, என்னைத் தவிர எல்லாருடைய எடிட் உரிமையையும் எடுத்துவிட்டேன்.