டி.டபிள்யூ.ஐ. அட்டைகள்: பனியன் கம்பெனி லைனுக்குத் தேறுமா?

'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' (சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ.) என்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலை சூப்பர்வைசர்களுக்கு நடத்திய பயிற்சி. ஒரு பாடத்துக்கு மொத்தம் 10 மணி நேரம், கையோடு சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டை. அரசு வெளியீடு என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. திருப்பூர் தையல் லைனில் ஆட்களைப் பழக்கும் சூப்பர்வைசருக்கு இதில் இரண்டு அட்டை போதும்.

முதலாவது, வேலை கற்றுக்கொடுக்கும் அட்டை. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்ய வைத்துப் பார், தனியே விட்டுக் கவனி என்று நான்கு படிகள். ஆனால் சரக்கு இருப்பது அதன் மறுபக்கத்தில்: கற்றுக்கொடுக்கும் முன்பே வேலையைப் பிரித்து எழுதச் சொல்கிறது. டி-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி, வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பையும் கழுத்தையும் நான்காகக் குறி, குறியோடு குறி சேர், ஓவர்லாக் மெஷினில் ஓட்டு. இவை படிகள். 'ரிப்பை மட்டும் இழு, பாடியை இழுக்காதே' என்பது முக்கியக் குறிப்பு. பாடி, அதாவது சட்டைத் துணி, இழுபட்டால் கழுத்து அலையலையாக நிற்கும், செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கை மறக்காது.

பெரும்பாலும் கோட்டை விடுவது மூன்றாம் படியில். "புரிஞ்சுதாம்மா?" "புரிஞ்சுதுங்கண்ணா." அதோடு முடித்துவிடுகிறார்கள். அட்டை கேட்பது வேறு: தைத்துக்கொண்டே குறிப்பையும் அந்தப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஆட்கள் பிரச்சினைக்கான அட்டை. என் கணக்கில் இதுதான் உசத்தி. ஒரு டைலர் அடிக்கடி தாமதமாக வருகிறார் என்றால் மெமோவுக்கு முன் பஞ்ச் பதிவைப் பார், கம்பெனி வழக்கத்தைப் பார், அவரிடமே பேசு என்கிறது. தாமதமான நாளெல்லாம் முந்தைய இரவு ஓவர்டைம் பார்த்த நாளாக இருந்தால், கை வைக்க வேண்டிய இடம் ஷிப்ட் அட்டவணை. எடுக்கும் முடிவு அந்த ஆளையும், பக்கத்து மெஷின்காரர்களையும், உற்பத்தியையும் எப்படிப் பாதிக்கும் என்று மூன்றையும் யோசிக்க வைப்பது இதன் பலம்.

குறைகளும் உண்டு. "தொழிலாளி கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை" என்று முதல் அட்டை அடித்துச் சொல்கிறது. லூப்பர் (அடியில் நூலைக் கோக்கும் கொக்கி) டைமிங் தப்பிய மெஷினில் யார் உட்கார்ந்தாலும் தையல் விடும். அதற்குச் சூப்பர்வைசரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அடுத்தது நேரம். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் புது ஆளுக்கு அரை மணி ஒதுக்க புரொடக்‌ஷன் மேனேஜர் விடமாட்டார், அதற்கு அட்டையில் வழியில்லை. அலுவலக வேலைக்கு முதல் அட்டை அவ்வளவாக ஒட்டாது, இரண்டாவது ஒட்டும்.

பயன்படுத்துவதானால் ஆங்கில அட்டையை அப்படியே கொடுக்காதீர்கள். லைனில் புழங்கும் சொற்களில் தமிழில் எழுதி, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பிரிப்புத் தாளை அந்த வேலையில் கைதேர்ந்த டைலரை உட்காரவைத்துத் தயாரியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் ஆபரேஷனை இரண்டாக வெட்டிக் கற்றுக்கொடுங்கள்.