கனடா பி.ஆர். ஃபைலை "அண்ணனிடம்" கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு

இதை எழுத ஏழு மாதம் தயங்கினேன். என்னை ஏமாற்றியவர் நம் மொழி பேசுபவர். எனக்குத் தெரிந்த நாலைந்து குடும்பங்களுக்கு இன்னமும் அவர் அண்ணன்தான். புகார் கொடுத்து அது நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் வேலை செய்யும் முறையை அப்படியே சொல்கிறேன். அவரிடமோ அவரைப் போன்ற ஒருவரிடமோ ஃபைலைக் கொடுத்திருப்பவர்களுக்கு அது போதும்.

நான் கனடாவுக்கு மாணவியாக வந்தவள். இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் மூன்று வருட வொர்க் பர்மிட். படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் இந்த பர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான். அந்த மூன்று வருடத்துக்குள் பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை வாங்கியாக வேண்டும் என்ற பயம் எங்கள் எல்லோருக்குமே உண்டு. அந்தப் பயத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரு தோழியின் வீட்டில் அவரைப் பார்த்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று போனில் பி.ஆர். கார்டுகளின் படங்களைக் காட்டினார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "என் பார்ட்னருக்கு இருக்கு, எல்லா ஃபைலும் அவர் பார்த்துத்தான் போகும்" என்றார். அந்த பார்ட்னரின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கட்டணம் 3,500 டாலர். முதலில் 1,500, பி.ஆருக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வந்ததும் 2,000. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. பணத்தை அவர் மனைவி பெயருக்கு இ-டிரான்ஸ்ஃபர் செய்யச் சொன்னார். "மெசேஜ்ல ஃபேமிலி லோன்னு போடுங்க தங்கச்சி, டாக்ஸ் பிரச்சினை வராது" என்றார். போட்டேன். பிறகு வக்கீல் என் பேங்க் விவரத்தைப் பார்த்தபோது பேனாவை அந்த இரண்டு வார்த்தைகளுக்குக் கீழேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அண்ணனுக்கு நான் கட்டணம் கொடுத்தேன் என்பதற்கு இருந்த ஒரே எழுத்து ஆதாரத்தை, கடன் என்று என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன்.

புள்ளி போட்டு பி.ஆருக்கு ஆள் எடுக்கும் அரசின் இணைய முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் என் கணக்கை அண்ணனே திறந்தார். அவருடைய லேப்டாப், அவர் என் பெயரில் உருவாக்கிய ஒரு மின்னஞ்சல் முகவரி, அவர் வைத்த பாஸ்வேர்டு. பிரதிநிதியை நியமிக்க ஐஎம்எம் 5476 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஏன் உங்கள் பெயரைப் போடவில்லை என்று கேட்டதற்கு, "ஏஜென்ட் இருக்குன்னு தெரிஞ்சா ஃபைலை ஓரமா வெச்சிடுவாங்க" என்றார். இது முழுப்பொய். பிரதிநிதி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தை ஒரே மாதிரிதான் பார்ப்போம் என்று குடிவரவுத் துறையான ஐஆர்சிசி-யின் தளமே சொல்கிறது. பணம் வாங்காமல் உதவும் உறவினராக இருந்தால்கூட, உங்கள் சார்பில் துறையோடு தொடர்புகொள்கிறார் என்றால் அவர் பெயரை அதில் சொல்லியே ஆகவேண்டும். பெயர் போடாததற்குக் காரணம் ஒன்றுதான்: அவர் அதில் பெயர் போட முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் வக்கீல்களுக்கும், மாகாண வக்கீல் அமைப்பில் லைசென்ஸ் பெற்ற பாராலீகல் எனும் சட்டப் பணியாளர்களுக்கும், கியூபெக் மாகாண நோட்டரிகளுக்கும், காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ் என்ற அமைப்பில் லைசென்ஸ் பெற்றவர்களுக்கும்தான் அனுமதி. குடிவரவுச் சட்டத்தின் 91-வது பிரிவு அது. மீறினால் குற்றம். இப்படி மறைந்திருந்து வேலை செய்கிறவர்களை இங்கே "கோஸ்ட் கன்சல்டன்ட்" என்கிறார்கள்.

இனி அவர் செய்த இரண்டு காரியங்கள்.

கனடாவுக்கு வருவதற்கு முன் நான் அமெரிக்காவில் படிக்க விசா கேட்டு, நேர்காணலில் மறுத்துவிட்டார்கள். மறுப்புக்கான சட்டப் பிரிவு 214(பி) என்று போட்ட ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். நம்மில் எத்தனையோ பேரிடம் அந்தத் தாள் இருக்கும். பி.ஆர். படிவத்தில், கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு விசா மறுத்ததுண்டா என்று நேரடியாகவே ஒரு கேள்வி வரும். அந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "அண்ணா, யூஎஸ் ரிஜெக்‌ஷன் லெட்டர் இது, பாத்துக்கோங்க" என்று எழுதினேன். கட்டைவிரல் ஒன்றைப் பதிலாகப் போட்டார். படிவத்தில் "இல்லை" என்று குறித்தார்.

இரண்டாவது, வேலை அனுபவம். கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் வழியாகப் போக, கடைசி மூன்று வருடத்தில் கனடாவில் குறைந்தது ஒரு வருடத் திறன்சார் வேலை, அதாவது 1,560 மணி நேரம் காட்ட வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை இதில் சேராது. எனக்கு அப்போது படிப்புக்குப் பிந்தைய வேலை ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதே கம்பெனியில் படிக்கும்போது செய்த பகுதிநேர வேலையையும் கூட்டி, ஒரு வருடத்துக்கு மேல் என்று அவர் போட்டுவிட்டார். எனக்கு அந்த விதி தெரியாது. அவருக்குத் தெரியும், நான் கொடுத்த கம்பெனிக் கடிதத்தில் பகுதிநேரம், முழுநேரம் என்று தேதி பிரித்து எழுதியிருந்தது.

மூன்றே மாதம் காத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். இதை நினைத்து நான் தூங்காத இரவுகள் உண்டு. ஏன் அவர் காத்திருக்கவில்லை? இரண்டாவது தவணை அழைப்பு வந்ததும் என்றுதானே பேச்சு. அழைப்பு வந்துவிட்டால் அவருக்கு 2,000 டாலர். அதன்பின் விண்ணப்பம் பிழைக்கிறதா இல்லையா என்பது அவர் கவலை இல்லை. 2025 ஆரம்பத்தில் அழைப்பு வந்தது, பணம் போனது, அரசுக் கட்டணம் 1,525 டாலரும் போனது.

பிறகு நான்கைந்து மாதம் ஒரே பதில்: "ப்ராசஸிங்ல இருக்கு." ஒருநாள் வேலையில் ஒரு பெண், தானே விண்ணப்பித்து பி.ஆர். வாங்கியவள், "உன் அக்கவுன்ட்ல பேக்ரவுண்ட் செக் எதுல நிக்குது?" என்று கேட்டாள். என்னிடம் அக்கவுன்ட் இல்லை, அண்ணன்தான் பார்க்கிறார் என்றேன். அவள் முகம் மாறிய விதத்தில்தான் எனக்கு முதல்முறை வயிற்றைக் கலக்கியது.

அவள்தான் வழி சொன்னாள். தகவல் அறியும் சட்டத்தில் ஐந்து டாலர் கட்டி, என் ஃபைலில் அதிகாரிகள் எழுதியிருக்கும் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் வேண்டாம். என் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து விண்ணப்பித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பிடிஎஃப் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே திறந்தேன். அமெரிக்க விசா மறுப்பு தெரிவிக்கப்படவில்லை. அனுபவக் காலத்தில் முரண் உள்ளது. விண்ணப்பதாரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது. 30 நாள் அவகாசம். தேதியைப் பார்த்தேன். அதில் 26 நாள் முடிந்திருந்தது.

புரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர் என்பார்கள் அதை. மறுப்பதற்கு முன் உங்கள் பக்கத்தைச் சொல்ல அதிகாரி தரும் வாய்ப்பு. அந்தக் கடிதம் அவர் உருவாக்கிய மின்னஞ்சலுக்குப் போய் அங்கேயே கிடந்தது. வாட்ஸப்பைத் திருப்பிப் பார்த்தேன். கடிதம் போன இரண்டாம் நாள் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "சீக்கிரம் நல்ல செய்தி வரும் தங்கச்சி, கவலையே படாதீங்க."

தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் சட்டத்தின் 40-வது பிரிவின்படி ஐந்து வருடத் தடை. அந்தக் காலத்தில் பி.ஆர். விண்ணப்பிக்கவே முடியாது. சொன்ன பொய்க்கு மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதற்கும் அது பொருந்தும். அமெரிக்கா மறுத்ததை ஒளிக்கவும் முடியாது. இரண்டு நாடுகளும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இதில் மனசு ஆறாத விஷயம், அந்த மாணவர் விசா மறுப்பை உண்மையாகச் சொல்லியிருந்தால் அதற்காக மட்டும் யாரும் என் பி.ஆரை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

அன்றிரவு அவருக்கு போன் செய்தேன். முதலில் அப்படி ஒரு கடிதமே இல்லை என்றார். குறிப்பை அனுப்பியதும், "சின்னப் பிரச்சினைதான். என்கிட்ட ஒரு எல்எம்ஐஏ ரெடியா இருக்கு, முப்பதாயிரம் ஆகும், உங்களுக்கு இருபத்தஞ்சுக்குப் பேசறேன்" என்றார். என் வீடு எரிந்துகொண்டிருக்கும்போது எனக்கு விறகு விற்றார் அந்த மனிதர். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல். அதற்கான அரசுக் கட்டணம் 1,000 டாலர், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. போதாததற்கு, வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இருந்த கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். அப்போது அதை வாங்கினாலும் எனக்கு ஒரு புள்ளி ஏறியிருக்காது.

சனிக்கிழமை ஒரு வக்கீலைப் பிடித்தேன். ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அங்குள்ள வக்கீல்கள் அமைப்பான லா சொசைட்டியின் பரிந்துரைச் சேவை வழியாகப் போனால் ஒரு வக்கீலோடு 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?" ஐஆர்சிசி-யின் வெப்ஃபார்ம் வழியாக என் தொடர்பு மின்னஞ்சலை மாற்றவும், கடிதத்தை மறுபடி அனுப்பவும், அவகாசம் நீட்டிக்கவும் கேட்டார். கொடுத்தார்கள். விளக்கத்தில் எதையும் மழுப்பவில்லை. நடந்ததை நடந்தபடி, தேதி போட்டு, சத்தியப் பிரமாணமாக எழுதினோம். கூடவே அந்த வாட்ஸப் ஸ்க்ரீன்ஷாட்: விசா மறுப்புத் தாள், கீழே அவர் போட்ட கட்டைவிரல்.

வக்கீல் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். கன்சல்டன்ட் செய்தது எனக்குத் தெரியாது என்பது பொதுவாகத் தப்பிக்கும் வழி ஆகாது. விண்ணப்பத்தில் இருப்பதற்கு விண்ணப்பதாரரே பொறுப்பு என்றுதான் ஃபெடரல் கோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. 2023-ல் போலி அட்மிஷன் கடிதங்களோடு வந்ததாக இந்திய மாணவர்கள் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்குப் போனது ஞாபகம் இருக்கும். கடிதத்தைத் தயாரித்தது ஏஜென்ட், வெளியே போகச் சொன்னது மாணவர்களை. அப்போதைய அமைச்சர் ஷான் ஃப்ரேசர் ஒரு பணிக்குழு அமைத்து ஒவ்வொரு ஃபைலாகப் பார்க்க வேண்டி வந்தது.

என் விஷயத்தில் தவறான தகவல் என்ற முடிவுக்கு அதிகாரி போகவில்லை. தடை விழவில்லை. ஆனால் அழைப்பு வந்த நாளில் எனக்கு ஒரு வருட அனுபவம் இல்லை என்பது உண்மை, அதனால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575 டாலர் திரும்ப வந்தது. மீதி விண்ணப்பக் கட்டணம் 950 போனது போனதுதான். நடுவில் எனக்கு முப்பது வயது ஆகி ஐந்து புள்ளி குறைந்தது. பர்மிட்டில் ஒரு வருடத்துக்கும் மேல் வீணானது.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கன்சல்டன்ட்களுக்கு லைசென்ஸ் தரும் அந்தக் காலேஜின் பொதுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடலாம். எண் மட்டும் கேட்டு வாங்கிச் சரிபார்த்தால் போதாது; இன்னொருவர் எண்ணைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள பெயரும் கம்பெனியும் உங்கள் எதிரில் இருப்பவருடையதுதானா, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தமா என்று பாருங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். லைசென்ஸ் உள்ளவர் எழுத்தில் ஒப்பந்தம் தர வேண்டும். "கண்டிப்பா வாங்கித் தருவேன்" என்று அவர் சொல்லவே கூடாது. நான் பிறகு தேடியபோது நம் அண்ணன் பெயரும் இல்லை, பார்ட்னர் என்று ஒருவரும் இல்லை.

இப்போது அவரிடம் ஃபைல் இருப்பவர்களுக்கு: அவரிடம் சண்டை போடாதீர்கள், முதலில் சண்டை வேண்டாம். வாட்ஸப் உரையாடலை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். என்னை பிளாக் செய்வதற்கு முன் அவர் கடைசி ஓரிரு நாள் மெசேஜ்களையும், பழைய மெசேஜ்களுக்குப் போட்ட ரியாக்‌ஷன்களையும் நீக்கிவிட்டார், கட்டைவிரல் தப்பியது நான் ஏற்கெனவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்ததால். அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகலைக் கேளுங்கள். தர இழுத்தடித்தால் காத்திருக்காமல் அந்த ஐந்து டாலர் விண்ணப்பத்தைப் போடுங்கள், வெப்ஃபார்ம் வழியாக உங்கள் சொந்த மின்னஞ்சலைப் பதிவு செய்யுங்கள். தவறு இருப்பது தெரிந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் வக்கீலைப் பார்த்து நீங்களாகவே திருத்தம் அனுப்புங்கள். மறுப்பு வந்துவிட்டதா? கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் ஃபெடரல் கோர்ட் போக 15 நாள்தான். பர்மிட் காலாவதி ஆகிவிட்டதா? இங்கே தங்கும் அனுமதியை மீட்டுக்கொள்ள விண்ணப்பிக்க 90 நாள் இருக்கிறது. காலேஜிலும் எல்லைச் சேவை முகமையின் பார்டர் வாட்ச் லைனிலும் நான் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுங்கள், ஒரே ஆளின் மேல் வரும் இரண்டாவது, மூன்றாவது புகாருக்குக் கனம் அதிகம். பணத்துக்கு ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம், எனக்கும் இருக்கவில்லை.