புளூடூத் நிறைத் தராசு: பழைய ஆய்வுகூடக்காரன் ஒருவனின் மதிப்பீடு

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடையில் என் அத்தான் வாங்கிய தராசு இது. அவருக்குச் சீனி வருத்தம். நிறையைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார். விலை ஆறாயிரம் ரூபாய்க்குள். மேலே கறுப்புக் கண்ணாடி, நாலு மூலையிலும் வெள்ளிநிறத் தகடு, அடியில் மூன்று சின்னப் பற்றரி, போனோடு சேர்கிற வசதி. இப்போது அது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஏன் இடம் மாறியது என்று சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது.

முதலில் கருவி. நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். அளவுகருவி எது கைக்கு வந்தாலும் சோதிக்காமல் விடமாட்டேன். கடையில் நிறுத்துக் கட்டிய அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. திரும்பத் திரும்ப வைத்தாலும் அதே எண். இதைப் பார்த்து மயங்கக்கூடாது. முந்தின எண்ணுக்குக் கிட்ட வந்தால் அதையே மறுபடி காட்டும்படி பல தராசுகளைச் செய்து விடுகிறார்கள். நடுவில் வேறு பாரம் ஒன்றை ஏற்றி இறக்கிவிட்டுச் சோதியுங்கள். இது அதிலும் தேறியது. பாயிலோ தடித்த கால்மிதியிலோ வைத்தால் பிழைக்கும். வெறும் சீமெந்து நிலம்தான் சரி.

கொழுப்பு வீதம் என்று ஒன்று காட்டும். அதை விட்டுவிடுங்கள். பாதத்தின் வழியே மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பித் தடையை அளந்து, நாங்கள் கொடுத்த வயதையும் உயரத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கிற எண் அது. தண்ணி குடித்துவிட்டு ஏறினாலே மாறும்.

என் கோபமெல்லாம் போனில் இருக்கிற செயலி மேல்தான். இலக்கு நிறை என்ன என்று கேட்கும். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நிறை குறைந்தால் பச்சை அம்புக்குறியும் வாழ்த்தும் வரும். ஏறி நிற்பது ஐம்பது வயதுச் சீனி வருத்தக்காரரா, பதினாறு வயதுப் பிள்ளையா என்று அதற்குக் கவலையில்லை. இத்தனைக்கும் வயதைக் கேட்டுப் பதிந்துவைத்திருக்கிறது!

அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை என் மருமகள், அத்தானின் மகள். காலையில் எழும்பியதும் ஏறுவாள், ரியூசனால் வந்து ஏறுவாள், குளிக்கப் போகுமுன் ஏறுவாள். சாப்பாடு குறைந்ததை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விரதம் என்றாள். எங்கள் ஊரில் விரதம் பிடிக்கிற பெண்பிள்ளையை யார் கேள்வி கேட்பார்கள்? கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர், ‘மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்’ என்று பாராட்டிவிட்டும் போனார்கள். திருவிழா முடிந்தது, விரதம் முடியவில்லை.

அந்த நாளில் அவள் சமைத்த சமையல் மாதிரி அந்த வீட்டில் யாரும் சமைத்ததில்லை. எல்லோருக்கும் பிட்டு அவிப்பாள், கூழ் காய்ச்சுவாள், பக்கத்தில் நின்று பரிமாறுவாள், இரவு போனில் சமையல் வீடியோவாகப் பார்ப்பாள். தான் இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பை விளிம்பில் ஒட்டுவாள். சொதியில் நனைந்த துண்டை விரலால் அழுத்திப் பிழிந்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். பட்டினி மூளையை அப்படித்தான் ஆக்கும் என்று பிறகு வாசித்து அறிந்தேன். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் சுகதேகியான 36 ஆண்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். தாங்களாக விரும்பி வந்த அந்த ஆண்கள் நாளெல்லாம் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், மனம் சோர்ந்து போனார்கள்.

முதலில் காட்டிய தனியார் கிளினிக் ஒன்றில், நல்லாச் சாப்பிடு என்று விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். அங்கே நிறுத்தபோதும் எண் ‘சாதாரணம்’ என்ற வரம்புக்குள்தான் இருந்தது. செயலியும் அதையே பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. அவள் முன்பு கொஞ்சம் உடம்பான பிள்ளை. நிறை வேகமாக விழும்போது, பார்வைக்குச் சாதாரணமாக இருக்கிறவருக்கும் அனொரெக்சியா (நிறை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்குகிற மனநோய்) இதயத்தைப் பாதிக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் வரும். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமானவற்றுள் இது ஒன்று. எங்களிடம் இதற்குப் பிடிவாதம் என்றுதான் பெயர்.

பங்குனி வெயிலில் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு இருந்தவளின் கையைப் பிடித்துப் பார்த்துப் பயந்துதான் அக்கா உளநல டொக்டரிடம் கூட்டிப்போனா. (போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும்.) அந்த டொக்டர் நாடியைப் பிடித்தார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் குருதியமுக்கம் பார்த்தார், ஈசிஜி எடுத்தார், இரத்தத்தில் பொற்றாசியமும் பொசுபேற்றும் பார்க்க எழுதினார். நாடி மிக மெதுவாக அடித்தது. அதை அளக்க எந்தத் தகடும் இந்தக் கண்ணாடியில் இல்லை. பொசுபேற்று எதற்கென்று கேட்டேன். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு அவசரப்பட்டு ஊட்டினால் அது திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகுமாம். அதனால் தொடக்கத்தில் வைத்தியரின் கண்காணிப்பு வேண்டும்.

அப்புறம், ‘அந்தத் தராசை வீட்டைவிட்டு எடுங்கோ’ என்றார். கிளினிக்கில் அவளை எண் தெரியாதபடி திரும்பி நிற்கவைத்து நிறுத்தார்கள். லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான முறை ஒன்றைத்தான் பின்பற்றினார்கள்: கொஞ்சக் காலத்துக்கு என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பது தாய் தகப்பனின் பொறுப்பு. கேட்க லேசு. ஒரு கரண்டி சொதிக்காக அக்கா ஒரு மணித்தியாலம் குசினியில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். திட்டவில்லை, கெஞ்சவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. பிள்ளை இப்போது தேறி வருகிறாள். சில கிழமை முன்னுக்கு, சில கிழமை பின்னுக்கு.

நிறுக்கிற வேலைக்கு ஐந்தில் நாலு கொடுப்பேன். செயலிக்குப் பூச்சியம். அத்தான் சனிக்கிழமைகளில் இங்கே வந்து ஏறிப் பார்த்துவிட்டு, கொப்பியில் பேனையால் எழுதிக்கொண்டு போகிறார். வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதை வாங்கவேண்டாம். நிறை பார்த்தே ஆகவேண்டிய பெரியவர்கள் இருந்தால் புளூடூத் இல்லாத வகையைக் கேளுங்கள். அதே கடையில் அரைவாசி விலைக்கு இருக்கிறது, நிறுப்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை.