பழைய காரை விற்க: அங்கீகாரம் பெற்ற டீலரா, தெரிந்த புரோக்கரா?

புரோக்கர் வழியில் பணம் அன்றே கைக்கு வந்துவிடும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமலே கையெழுத்து வாங்கிக்கொள்வார். சிக்கல் தொடங்குவதே அங்குதான். கார் இரண்டு மூன்று கை மாறினாலும் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே கிடக்கும். நடுவில் விபத்து நடந்தால், பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்டேன் என்ற வாதம் அங்கே நிற்காது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வாகன டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து ஆண்டுகள் செல்லும். காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் தகவல் பதிவாகும். அதன்பிறகு வாகனத்துக்கு டீலரே பொறுப்பு. பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று, நகல் ஆர்.சி. ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். காரைத் தன் சொந்த வேலைக்கு ஓட்ட முடியாது. சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். பயணப் பதிவேடும் வைக்க வேண்டும்.

டீலர் கொஞ்சம் குறைத்துக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள். முதலில் சான்றின் செல்லுபடித் தேதியைப் பாருங்கள்; 29சி ஒப்புகை வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். புரோக்கரிடம்தான் விற்பது என்றால், வாங்குபவர் பெயரை நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும்.