‘71 விழுக்காடு வாய்ப்பு’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால்…

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைக்குமா, மெரிட் (திறமையை மட்டும் பார்த்துத் தரும்) உபகாரச் சம்பளம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்வதற்கே கோலாலம்பூரில் காசு வாங்குகிறார்கள். என் தம்பிக்காக அம்மா கட்டியது 6,800 வெள்ளி. விவகாரம் இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி கெட்டிக்காரன். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ, அதற்கு அடுத்த எஸ்.டி.பி.எம். தேர்வின் முதல் இரண்டு பருவங்களிலும் நல்ல புள்ளி, அமெரிக்கச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் 1410. இயந்திரப் பொறியியல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அந்த அலுவலகத்தில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “ஆண்ட்டி, கவலையே படாதீங்க. தம்பி புரொஃபைலுக்கு பாதிக் கட்டணமாவது உபகாரச் சம்பளமா வந்துடும்” என்றார். உள்ளூர்ப் பட்டத்துக்கு வெளியே மதிப்பில்லை என்றும் சொல்லி வைத்தார். அது சுத்தப் பொய். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பு நாடு. இங்குள்ள பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்ற பட்டப்படிப்பை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் நாட்டுப் படிப்புக்கு நிகராக எடுத்துக்கொள்கின்றன.

ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், வண்ண வட்டங்கள், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எதிரே இரண்டு விழுக்காடு: ஒன்று நுழைவுக்கு, ஒன்று உபகாரச் சம்பளத்துக்கு. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். நான் வேலை முடிந்து வந்து ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்.

எம்.ஐ.டி.க்கு ‘மெரிட் வாய்ப்பு 45 விழுக்காடு’ என்று போட்டிருந்தது. எம்.ஐ.டி. மெரிட் உபகாரச் சம்பளமே கொடுப்பதில்லை. குடும்பத்தின் வசதியைப் பார்த்துத்தான் உதவி. கார்னெல் உட்பட ‘ஐவி லீக்’ எனப்படும் எட்டுப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும் அப்படித்தான். இல்லாத ஒன்றுக்கு 45 விழுக்காடு! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு, எஸ்.ஏ.டி. புள்ளியால் வாய்ப்பு கூடுகிறது என்று ஒரு குறிப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் இப்போது சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி.யைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அடுத்து, பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு 71 விழுக்காடு. பர்டியூ முதலாண்டில் யாரையும் நேரடியாக இயந்திரப் பொறியியலில் சேர்ப்பதில்லை. எல்லாரும் ‘முதலாண்டுப் பொறியியல்’ என்ற பொதுப் பிரிவில்தான் நுழைகிறார்கள். துறையெல்லாம் அப்புறம்தான்.

அந்த அலுவலகக்காரரிடம் இதைக் கேட்டபோது, “அதெல்லாம் எங்க சிஸ்டம் கணக்குப் போடுறது, அண்ணே” என்றார். அங்கே காத்திருந்தபோது பழக்கமான கிள்ளான் குடும்பம் ஒன்று தங்கள் மகளின் அறிக்கையை அனுப்பியது. அந்தப் பெண்ணின் புள்ளிகள் வேறு, கேட்ட துறையும் வேறு. முதல் பக்கத்தைத் தாண்டினால் எண்கள் ஒன்றுகூட மாறவில்லை.

இதுவரைக்கும் பணம் போனது, அவ்வளவுதான். அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பர்டியூவில் உபகாரச் சம்பளத்துக்குப் பரிசீலிக்க வேண்டுமென்றால் நவம்பர் 1க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். “போட்டாச்சு, போட்டாச்சு” என்றுதான் வாட்சப்பில் பதில் வந்துகொண்டிருந்தது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ‘காமன் ஆப்’ இணையதளக் கணக்கை அவர்கள் தங்கள் மின்னஞ்சலிலேயே திறந்திருந்தார்கள், கடவுச்சொல்லும் அவர்களிடமே. பிப்ரவரியில் சண்டை போட்டு வாங்கித் திறந்து பார்த்தால், விண்ணப்பம் போன தேதி ஜனவரி 12. சாதாரணச் சேர்க்கைக்கான கெடுவுக்குச் சில நாள் முன்னால். இடம் கிடைத்தது, உபகாரச் சம்பளம் இல்லை. நேரத்தில் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை, அது கடும் போட்டி. ஆனால் வரிசையில் நிற்கவே விடவில்லையே. வெளிநாட்டு மாணவருக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டுகிறது. அம்மாவின் இ.பி.எப். சேமநிதி முழுவதையும் எடுத்தாலும் ஒரு வருடத்துக்குக் காணாது.

இவ்வளவுக்கும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டியதெல்லாம் சும்மாவே கிடைக்கிறது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்று ஒன்றை வெளியிடுகின்றன. சி பிரிவில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், எஸ்.ஏ.டி. எந்த அளவில் இருந்தது என்பதெல்லாம் இருக்கும். ஹெச் பிரிவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி உண்டா, எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்று இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம்தான். வெளிநாட்டவருக்குக் கொடுப்பதே இல்லை என்றால் மேற்கொண்டு படித்துப் பிரயோசனமில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும், அந்த எண்கள் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தது. பொறியியலுக்கு, அதிலும் கணினிக்கு, கதவு இன்னும் குறுகல். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் இத்தனை புள்ளிக்கு இவ்வளவு தள்ளுபடி என்று அட்டவணையே போட்டுவிடுகின்றன. இந்தத் தானாக வரும் தள்ளுபடியைத்தான் பல ஏஜெண்டுகள் ‘நாங்க பேசி வாங்கிக் கொடுத்தோம்’ என்கிறார்கள். எல்லா வருடமும் தொடருமா, எந்த சி.ஜி.பி.ஏ.க்குக் (சராசரித் தரப்புள்ளிக்குக்) கீழே போனால் நிற்கும் என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேளுங்கள்.

நேரில் பேச ஆள் வேண்டுமென்றால் 1963இல் தொடங்கிய மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை அங்கேதான். ஏஜெண்டிடம் போயே ஆக வேண்டும் என்றால், காமன் ஆப் கணக்கு பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும்.

தம்பி இப்போது பினாங்கு நிபோங் திபாலில், யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் படிக்கிறான். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. வழியாக வந்த இடம், அதற்கு எந்த ஏஜெண்டுக்கும் ஒரு காசு கொடுக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘அது வெறும் எஸ்டிமேட்’ என்று பதில் வந்தது. அதனால் நடுவர் மன்றத்தில் போட்டோம். மனு போட 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். மனு போன பிறகுதான் முதல்முறையாக அவர்களே அழைத்து, பாதியைத் தருகிறோம், மனுவை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். இதேபோல் வண்ண வட்டம் போட்ட அறிக்கை உங்கள் வீட்டிலும் இருந்தால் அதையும், ரசீதையும், வாட்சப் செய்திகளையும் பத்திரமாக வைத்திருங்கள். விசாரணைக்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட உதவும்.