கார் ஷெட்டுல விறகடுப்பு: அஞ்சுக்கு மார்க் போட்டா அடுப்புக்கு 5, மாட்டுன வேலைக்கு 2

பள்ளத்தூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி தனியா ஒரு கார் ஷெட்டு, கார வித்து நாலு வருசமாச்சு சும்மாதான் கெடந்துச்சு, மேல நாட்டு ஓடு, அதத் தாங்க பனங்கை, ரீப்பர்னு மரச் சட்டம். தை மாசக் கல்யாண ஆர்டருக்கு அதிரசம் தேன்கொழல் போட கேஸ் கட்டுப்படியாகல, சரின்னு அங்கயே புகைபோக்கி வச்ச இரும்பு விறகடுப்பு ஒன்னு போட்டோம். காரைக்குடில ஒரு பட்டறைல செஞ்சு கொண்டாந்து மாட்டிக் குடுத்தாங்க, பேரு வேணாம். கூலியோட 28,000.

அடுப்புல குறை சொல்ல ஒன்னுமில்ல. கனமான தகடு, கதவு நச்சுனு மூடுது, காத்து போற ஓட்டைக்கு ஒரு தள்ளுமூடி. காஞ்ச சீமக்கருவேலங் கட்ட ரெண்டு வச்சா மூணு ஈடு தாங்குது. "என்னாத்தா இது, ரயில் இஞ்சின் கணக்கா இருக்கு"ன்னு மூஞ்சியத் திருப்புன அயித்தை இப்ப அவுகதான் மொத ஆளா பத்த வைக்கிறாக.

வம்பு மேல கூரைல. மாட்ட வந்த பட்டறைக்கார அண்ணன் ரெண்டு ஓட்ட எடுத்துட்டு ஒத்தக் கொழாய நேரா மேல விட்டாரு, ரீப்பருக்கும் கொழாய்க்கும் நடுவுல ஒரு வெரல்தான் போவும். மூணாம் நாள் எண்ணெ வாசத்தத் தாண்டி ஒரு கருகல் வாட, ஏணி போட்டு ஏறிப் பாத்தா ரீப்பர் ஓரம் டிக்காஷன் கலரு, கை வைக்க முடியல. ஒத்தத் தகட்டுக் கொழாய்க்கும் மரத்துக்கும் ஒன்றரை அடியாச்சும் வேணும், ஏன்னா அன்னைக்கே தீப்பிடிக்காட்டியும் தெனம் சூடேறி மரம் கொஞ்சங் கொஞ்சமா கரியாகி அப்புறம் கம்மி சூட்டுலயே பத்திக்கும். போன் போட்டா "எல்லா எடத்துலயும் இப்புடித்தான் ஆச்சி போடுறோம்"ங்கிறாரு! ஒம்போது நாள் கழிச்சுத்தான் வந்தாரு.

ஆனா வந்தப்புறம் வேலை சுத்தம், அதையும் சொல்லணும்ல. ரீப்பர், ஒரு பனங்கை எல்லாம் அறுத்து இரும்பு ஆங்கிள்ல முட்டுக் குடுத்து சுத்தி ஒன்றரை அடிக்கு மரமே இல்லாம ஜிஐ தகடு அடிச்சு, கூரைய தாண்டுற எடத்துல மட்டும் ரெட்டக் கொழா, நடுவுல சூடு தாங்குற செராமிக் கம்பளி. முன்னாடி ஓட்டுக்கு மேல ஒன்றரை அடிதான் விட்டுருந்தாரு, காத்தடிச்சா பொக திரும்ப உள்ள எறங்கும். இப்ப 3 அடியா ஒசத்தியாச்சு. பத்தடிக்குள்ள மாடியோ மரமோ இருந்தா அதவிட 2 அடி ஒசரம் வேணும், எங்களுக்கு கொய்யா மரத்துல ஒரு கெளைய வெட்ட வேண்டியதாப் போச்சு.

அவரு சொல்லாம நாங்களே செஞ்சது, டிவிஎஸ் எக்ஸெல்லயும் பெட்ரோல் கேனையும் வெளியேத்துனது. பெட்ரோல் ஆவி காத்தவிட கனம், தரையோட தரையா அடுப்புக்கிட்ட வந்துரும். சாக்கு, எண்ணெ டின் எல்லாம் மூணடி தள்ளி. ஜன்னல் எப்பவும் தெறந்திருக்கும், அதுபோக கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு வாட கெடயாதுன்னு மகன் ஆன்லைன்ல ஒரு அலாரம் வாங்கி மாட்டிருக்கான்.

மாசம் ஒருக்கா கொழாய் மேல இருக்குற தொப்பியக் கழட்டி கரி தட்டணும், அதுக்கும் சேத்துத்தான் காசு வாங்குனாரு. "வர்றேன் ஆச்சி"ன்னாரு, ரெண்டு வாரமாச்சு.